சுண்ணாம்பு விரல்

இதில் ஒரு சொல் பொய்யானால், வாயில் பாக்கியிருக்கும் நாலு பல்லும் இன்றைக்கே கொட்டட்டும்.

திருவனந்தபுரத்தில் மரச்சிற்பக் கண்காட்சி. ஒவ்வொரு சிற்பமும் யானை உயரம். பட்டப்பகலில், மழைக்கு ஒதுங்கத்தான் நுழைந்தேன். உள்ளே பலாமரத்தில் செதுக்கிய ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தபடியே தலை உத்தரத்தைத் தொட்டது. நான் வெற்றிலை மடித்தேன். விரலில் சுண்ணாம்பு மிஞ்சியது. மிஞ்சினால் தூணில் தடவுவோம் இல்லையா? அவன் காலும் தூண் பருமன்தான். கை தானாகப் போய்விட்டது. குதிகாலில் வெள்ளையாக ஒரு கோடு.

கொஞ்ச நேரத்தில் மேற்பார்வையாளன் ஷிபின் வந்து அதைப் பார்த்துவிட்டான். பெருக்கிக்கொண்டிருந்த உலகம்மையைக் கூப்பிட்டான்.

“எந்தா இது? இங்க வெத்தல போடறது நீங்க மட்டும்தானே அக்கா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது சாரே…” சிவந்த வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“நாளைக்கு வரவேண்டா, கேட்டோ.”

“சாரே, வேலைய எடுத்துராதிய. ஊர்ல மூணு வாய் என்னைய நம்பிக் கெடக்கு.”

சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தால் சிவப்பு தெரியும். வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டு, மழையைப் பார்ப்பதுபோல நின்றேன்.

அவள் அழுதுகொண்டே அவன் பின்னால் ஆபீஸ் அறைக்குப் போனாள்.

நான் மட்டும். அந்த மர ஆளும்.

கிர்ர்ர்…

பாரம் தாங்காத நாற்காலியின் சத்தம். திரும்பினேன். குதிகாலில் கோடு இல்லை. முழங்காலில் இருந்தது.

கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். இடுப்பில்.

கிர்ர்ர்… கிர்ர்ர்…

மார்பில்.

தோளில்.

பிறகு எங்கும் இல்லை…

அவன் ஆள்காட்டி விரல் நுனியில் இருந்தது.

மிஞ்சினால் தடவ வேண்டும் அல்லவா…

ஓடினேன். கதவு வரைதான்.

முதுகில் ஏதோ பட்டது.

ஈரமாக.

மெதுவாக… மேலிருந்து கீழே.

நேரே ஷிபின் முன்னால் போய் நின்றேன். “தம்பி, தடவினது நான்தான். அந்தப் பொம்பளைய விடு.” திரும்பிச் சட்டையைக் காட்டினேன். பிடரியிலிருந்து இடுப்புவரை வெள்ளைக் கோடு. முறம் அகலம்.

“அங்கிளே… இது யாரு செஞ்சது?”

“உள்ள உக்காந்திருக்கானே, அவன்கிட்ட கேளு.”

அவன் கேட்கப் போகவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஷிபினுக்கு வியர்த்தது. உலகம்மை என்னையே பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

அவள் இன்றும் அங்கேதான் பெருக்குகிறாள்.

எனக்கு வெற்றிலைப் பழக்கம் ஒருநாளும் இருந்ததில்லை. நாலு பல்லும் கொட்டினால் கொட்டட்டும்.