கரடிக்குண்டு வாசலில் சகாயநாதன்

சகாயநாதனுக்குக் கம்பெனியில் என்ன வேலை என்றால், வெளியே நிற்பது. சிரிக்காதீர்கள், அதற்குத்தான் சம்பளம். மூக்கண்டப்பள்ளியில் குடியிருந்துகொண்டு, வண்டி பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு கம்பெனிக்குப் பதினாறு வருஷமாகப் போய் வருகிறார். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் தொட்டிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை லைன் நின்றதும் ஆட்கள் அதற்குள் இறங்கிக் கழுவுவார்கள். இறங்குகிறவன் தன் பேர் போட்ட டோக்கனைச் சகாயநாதனிடம் கொடுத்துவிட்டு இறங்கணும், ஏறி வந்ததும் வாங்கிக்கணும். ஒரு டோக்கன் மிச்சம் இருந்தாலும் அவர் தொட்டி வாயை விட்டு நகரக் கூடாது. அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று உண்டு. உள்ளே யார் விழுந்தாலும், யார் கத்தினாலும், அவர் மட்டும் இறங்கவே கூடாது. காற்று கெட்டிருந்தால் காப்பாற்றப் போனவனும் சேர்ந்து விழுவான், ஆள் கூப்பிட வெளியே ஒருத்தனும் இருக்க மாட்டான்.

இந்தப் பதினாறு வருஷத்தில் அந்தத் தொட்டிகளுக்கு உள்பக்கம் என்ன நிறம் என்றுகூட அவர் பார்த்ததில்லை. வீட்டிலும் அதே பழக்கம்தான். பொருட்காட்சியில் பிள்ளைகள் ராட்டினம் ஏறினால் அவர் கீழே பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏரியில் குளித்தால் கரையில் துண்டோடு நிற்பார். "எங்க அப்பா எதுக்குள்ளயும் வரமாட்டார்" என்று எட்டு வயது ஃபெபா பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். பெருமைதானா என்று அவருக்குச் சந்தேகம்.

காலாண்டு லீவில் டென்ட் அடித்துத் தங்கணும், குகைக்குள் போகணும் என்று பெரியவன் கிங்ஸ்டன் ஒற்றைக்காலில் நின்றான். வகுப்பில் பாதிப் பேர் குடகுக்குப் போகிறார்களாம். சகாயநாதன் விசாரித்து, உத்தனப்பள்ளி தாண்டி ஒரு மலையடிவாரத்தைப் பிடித்தார். பெரிய பெரிய பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நடுவில் குகை. ஊர்க்காரர்கள் கரடிக்குண்டு என்பார்கள். கரடியை ஒருத்தரும் பார்த்ததில்லை.

வழிகாட்ட திருமலை என்று ஓர் ஆடு மேய்க்கிறவர் வந்தார். ஆடுகளிடம் தெலுங்கில் பேசினார், போனில் கன்னடத்தில் பேசினார், இவர்களிடம் தமிழ். சகாயநாதன் ஒரு காகிதத்தை நீட்டினார். குகைக்குள் விஷவாயு உண்டா, தண்ணீர் தேங்குமா, மேலிருந்து கல் விழுமா என்று பதினொரு கேள்வி. திருமலை எல்லாவற்றுக்கும் "இல்ல சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து நன்றாகவே இருந்தது.

அடுத்து டோக்கன். அட்டையில் வெட்டி, பேர் எழுதி, நூல் கோத்து வீட்டிலேயே தயார் பண்ணியிருந்தார். மனைவி தேவமணி, கிங்ஸ்டன், ஃபெபா, திருமலை, நாலு பேர், நாலு டோக்கன்.

"குடும்பத்தோட வந்திருக்கோம், இங்கயுமா?" என்றாள் தேவமணி.

"எங்கயும்தான்" என்றார் சகாயநாதன்.

நாலு பேரும் உள்ளே போனார்கள். அவர் வாசலில் நின்றார். கால் மணி நேரத்தில் திருமலை வெளியே வந்து, ஆடுகள் யாரோ ஒருவருடைய ராகிக்காட்டில் இறங்கிவிட்டன என்று டோக்கனை வாங்கிக்கொண்டு ஓடினார். இன்னும் இருபது நிமிஷம் கழித்துத் தேவமணியும் கிங்ஸ்டனும் தலையெல்லாம் சிலந்திக்கூடோடு வந்தார்கள்.

"பாப்பா எங்க?" என்றார் சகாயநாதன்.

"திருமலையோட வந்துட்டான்னு நெனச்சேன்" என்றாள் தேவமணி. கிங்ஸ்டன், "எனக்கு முன்னால போனா, அம்மாகிட்ட இருக்கான்னு நெனச்சேன்" என்றான்.

கையில் ஃபெபாவின் டோக்கன் மட்டும் மிச்சம் இருந்தது. வாசலை விட்டு அவர் அரை அடி நகரவில்லை, ஒண்ணுக்குக்கூடப் போகவில்லை. ஆக, பிள்ளை உள்ளேதான் இருக்கிறாள். இதில் அவருக்குத் துளி சந்தேகம் கிடையாது.

தேவமணியும் கிங்ஸ்டனும் திருமலையைக் கூட்டிவரக் கீழே ஓடினார்கள். சகாயநாதன் குகைக்குள் முகத்தை நீட்டி "ஃபெபா!" என்று கத்தினார். பாறை அவர் குரலையே திருப்பிக் கொடுத்தது. மறுபடி கத்தினார். உதவி வரும்வரை நிற்கணும், அதுதான் சட்டம், அதைப் புதுசாகச் சேர்ந்த பையன்களுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வகுப்பெடுப்பவரே அவர்தான். ஐந்து நிமிஷம் நின்றார். அந்த ஐந்து நிமிஷத்தில் அவர் மனசு என்னென்ன பார்த்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறாவது நிமிஷம், "சட்டமாவது மண்ணாவது" என்று செல்போன் வெளிச்சத்தோடு உள்ளே நுழைந்துவிட்டார்.

இருபது அடி போனதும் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. தேவமணி அதில் சுலபமாகப் போய் வந்திருந்தாள். சகாயநாதனுக்கோ பதினாறு வருஷக் கேன்டீன் சாப்பாடு வயிற்றில் இருந்தது. பாதி போனவர் பாதியிலேயே நின்றார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. செல்போன் கை நழுவி எங்கோ விழுந்து, வெளிச்சமும் போச்சு.

அப்போது முதுகுக்குப் பின்னால், வாசலிலிருந்து ஒரு குரல். "அப்பா? எங்கப்பா போயிட்ட?"

"ஃபெபா! நீ எப்படிம்மா வெளிய?"

"அந்தப் பக்கம் இன்னொரு ஓட்டை இருக்குதுப்பா. ஆட்டுக்குட்டி ஒண்ணு போச்சி, பின்னாடியே போயிட்டேன். நெறைய சீத்தாப்பழம் இருந்திச்சி."

தொட்டிக்கு ஒரு வாய்தான். குகைக்கு இன்னொன்று இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, பதினொரு கேள்வியில் அந்தக் கேள்வியும் இல்லை. பிள்ளை பிழைத்துக் கிடக்கிறாள் என்ற சந்தோஷத்தில் அவருக்கு மூச்சு இன்னும் கொஞ்சம் பெரிசாக வந்து, இன்னும் கொஞ்சம் இறுகிக்கொண்டது.

"மாட்டிக்கிட்டியாப்பா? நான் உள்ள வரட்டா?"

"வராத! அங்கயே நில்லு!"

"சரி, நிக்கறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "பயமா இருக்குதாப்பா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "இருக்குதும்மா" என்று வந்துவிட்டது.

"நான் பேசிக்கிட்டே இருக்கேன்" என்றாள் ஃபெபா. பேசினாள் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு. ஏழாம் வாய்ப்பாடு சொன்னாள், எட்டில் தடுமாறி மறுபடி ஏழுக்கே வந்தாள். வகுப்பில் ஒருத்தி அழிரப்பரைக் கடித்து முழுங்கிய கதையைச் சொன்னாள். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கியாப்பா?" என்று கேட்டாள். அவர் ஒவ்வொரு தடவையும் "இருக்கேன்" என்றார். கீழே டென்ட் பக்கமிருந்து கிங்ஸ்டன் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது உள்ளேவரைக்கும் கேட்டது. "நான் வரமுடியாது, அப்பா உள்ள இருக்கார்!" என்று அவள் பதில் கத்தினாள்.

அரை மணி நேரத்தில் திருமலை அந்தப் பக்க ஓட்டை வழியாக வந்து, சகாயநாதன் தோளில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினார். "ரெண்டு வழி இருக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்" என்று சொல்லிக்கொண்டே தள்ளினார். சட்டை கழுத்துவரை சுருண்டு, முட்டி தேய்ந்து, சகாயநாதன் இடுக்கிலிருந்து பின்பக்கமாக வந்து விழுந்து, வாசலுக்குத் தவழ்ந்து வந்தார். ஃபெபா நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். சீத்தாப்பழம் கையில் அப்படியே இருந்தது, ஒன்றைக்கூடத் தின்றிருக்கவில்லை.

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். கொஞ்சநஞ்சமில்லை, விக்கி விக்கி அழுதார். திருமலை ஆடுகளைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தேவமணி மூச்சு வாங்க ஏறி வந்து, பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து முட்டியில் ஒட்டிய மண்ணை ஊதினாள்.

"பதினாறு வருஷம் தேவமணி" என்றார் சகாயநாதன். "எனக்குன்னு வெளிய ஒருத்தர் நின்னதே இல்ல."

"நீங்க உள்ள போனாத்தானே நிக்கறதுக்கு" என்றாள் தேவமணி.