கம்பளிக் கிடா

ஒருத்தர் ஜீப்பில் வந்து இறங்கி, "உலையில இருக்குற சோத்தக் கொட்டு, நாளைக்கு விருந்து" என்றால் நீங்கள் கொட்டுவீர்களா? எங்கள் அப்பா கொட்டினார்.

போன வாரம் காரைக்குடியில் கூடப் படித்த நண்பனைப் பார்த்தேன். பெரிய வீட்டுப் பிள்ளை. சித்திரை வெயிலில் தோளில் காஷ்மீர் சால்வை! பாச்சை உருண்டை வாசனை வேறு. "ஆட்டச் சீவி எடுக்குற மசுருடா. மங்கோலியாவுலயும் இதான் தொழிலாம். மேய்க்கிறவனுக்கு ராஜ வாழ்க்கை" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டு மசுரைப் பற்றி என்னிடமா? நான் வேலை கிடைக்காத பி.ஏ.; வாய்க்கு மட்டும் குறைவில்லை. அந்தச் சால்வையைத் தொட்டதும் எங்கள் மந்தை ஞாபகம் வந்தது.

அறுபதுகளில் எங்கள் பிழைப்பு கிடை போடுவது. அறுத்த வயலில் ஆட்டை அடைத்தால் புழுக்கை வயலுக்கு, நெல் எங்களுக்கு. அந்த நெடி சோப்புக்கும் போகாது. பள்ளிக்கூடத்தில் முழு பெஞ்சும் எனக்கே சொந்தம்.

அப்போதுதான் அந்த ஜீப் அதிகாரி உடம்பெல்லாம் கம்பளியாக ஒரு சீமைக் கிடாவை இறக்கினார். இனாம். ஒரே நிபந்தனை: நாட்டுக் கிடாக்களையெல்லாம் காயடித்துவிட வேண்டும்.

"சொந்தக் கெடாயக் காயடிச்சுப்புட்டு விருந்தாளிய நம்புறியாண்ணே?" என்றார் சித்தப்பா.

"கம்பளிய வெட்டி வித்தா ஆட்ட விக்க வேணாம்டா. கறிக்கடைக்காரன் மூஞ்சில முழிக்காம இருக்கலாம்" என்ற அப்பா, அதிகாரியிடம் திரும்பி, "வாங்கிக்குவீகள்லய்யா?" என்றார்.

"எவ்வளவு இருந்தாலும் அரசாங்கம் எடுத்துக்கும்."

கிடா நிழலை விட்டு நகராது. "மாப்பிள்ளைக்கு விசிறி வீசுங்கப்பா" என்பார் சித்தப்பா. அடுத்த கோடையில் அது செத்தது. அதன் குட்டிகள் நடக்க மாட்டாமல் வழியிலேயே படுத்தன. கம்பளி முழுக்க ஒட்டுப்புல்லும் கருவேல முள்ளும். வெட்டியதை மூட்டை கட்டி அப்பா ஆபீசுக்குச் சுமந்து போனார். பழையவர் மாற்றலாகியிருந்தார். புதியவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இதையெல்லாம் யாருய்யா கேட்டா?"

"நீங்கதானய்யா கேட்டீக."

அப்பாவுக்கு அவ்வளவுதான் கோபப்படத் தெரியும். நானாக இருந்தால் மூட்டையை மேசைமேல் கொட்டியிருப்பேன்.

பொலிக்கு விட ஒரு நாட்டுக் கிடா இல்லை. பக்கத்து மந்தைகளிலும் இதே கதை. குட்டி குறைந்தது, மந்தை சுருங்கியது, கிடைக்குக் கூப்பிட ஆளில்லை. மிச்ச ஆடுகளைக் கறிக்கடைக்காரன் ஓட்டிப்போனான்.

அப்பா இப்போது புதுவயல் ஊரில் ஒரு அரிசி மில் களத்தில் நெல் காவல். ஆடு வந்தால் விரட்டுகிறார்.