முந்தானை அரிசி

கோலா பிலா பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் ரப்பர் பால் வெட்டிய காலம் மலாயாவில் அவசரகாலம். காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று, தோட்டத்து வாசலைத் தாண்டி ஒரு பிடி அரிசியும் வெளியே போகக் கூடாது. பிடிபட்டவனை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் லயத்திலிருந்து அப்படிப் போனவன் திரும்பவே இல்லை.

அந்த நாளில்தான் எங்களுக்கு ஒரு விடுமுறை வாய்த்தது. போர்ட்டிக்சன் கடற்கரைக்கு எதிரே ஒரு சின்னத் தீவு. அங்கே அந்தக் காலத்தில் மீனுக்கு உப்புப் போட்ட பழைய கொட்டகையைத் தோட்டத்துத் துரை வாங்கித் தங்குகிற வீடாக மாற்றியிருந்தார். கூரை போட்டுக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். பெண்டாட்டியோடு போய்ச் சில நாள் தங்கு, சமையல் உன் பாடு என்று துரை சொல்லிவிட்டார். அரிசியைப் போர்ட்டிக்சன் கடையில் ரேஷன் கார்டைக் காட்டி வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

நான் அப்போது முழுகாமல் இருந்தேன். கிளம்பும்போது மாமியார் என் முந்தானையில் மஞ்சளும் அரிசியும் முடிந்துவிட்டார். பிள்ளைத்தாய்ச்சி தண்ணீர் தாண்டும்போது வெறும் மடியோடு போகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். எனக்கும் அது வழக்கமாகத்தான் பட்டது, அரிசியாகப் படவில்லை.

வாசலில் சோதனை போடுகிற பெண் முடிச்சை அவிழ்த்தாள்.

"யாருக்குடா இது? காட்டுக்காரனுக்கா?" என்று காவல்காரன் என் வீட்டுக்காரரிடம் பாய்ந்தான். அவன் பகாவ் ஊர்ப் பக்கத்துத் தமிழன்தான்.

"சடங்கு அரிசிண்ணே, புள்ளத்தாச்சிக்கு…"

துப்பாக்கிக் கட்டை அவர் தாடையில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவரை விலாவில் மிதித்து, லாரியை வரச் சொல்லிக் கை காட்டினான்.

லாரியில் ஏறினால் அவர் இல்லை. அந்தப் பெண் கையில் இருந்ததைப் பிடுங்கி, மஞ்சளோடு வாயில் போட்டு மென்றேன்.

"துப்புடி!"

"காட்டுக்கா போவுது? பாருடா, என் வயித்துக்குத்தான் போவுது. வேணும்னா கிழிச்சிப் பாரு!"

அறைந்தான். ஒரு பல் உடைந்து அரிசியோடு சேர்ந்தது. மறுபடியும் அறைந்தான். அவன் முகத்தில் துப்பியிருப்பேன். துப்பினால் அரிசியும் வெளியே வந்துவிடும். இரத்தமும் பல்லுமாக எல்லாவற்றையும் விழுங்கினேன்.

மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் வந்து அவன் கையைப் பிடித்தார். என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"தின்னாச்சு லா. ஸ்டேசன்ல எதக் காட்டுவே நீ?" என்றார் அவனிடம்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அவர் தாடையை இறுக்கிக் கட்டினார். வீட்டுக்குப் போகலாம் என்று என் வீட்டுக்காரர் சைகை காட்டினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்த விடுமுறையை அவனுக்காக ஏன் விடவேண்டும்?

தீவில் அந்தக் கொட்டகைச் சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது. மீனையும் அரிசியையும் கரையக் கரைய வேகவைத்து, அவர் பல்லிடுக்கில் ஊற்றினேன். மிச்சத்தை நான் குடிக்கும்போது ஈறு தீயாய் எரிந்தது. ஒரு வேளைகூடக் குடிக்காமல் விடவில்லை.

திரும்பி வந்தபோது வாசலில் அதே காவல்காரன். அவன் கேட்பதற்கு முன்பே அவன் எதிரில் நின்று முந்தானையை உதறினேன். மீன் செதில்தான் உதிர்ந்தது.