பரசுராமனின் இடக்கை விசைப்பலகை

பரசுராமனுக்குத் துறைமுகத்தில் எண்ணுகிற வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைத் தாளில் கோடு கிழித்து எண்ணுவார். நாலு கோடு, குறுக்கே ஒன்று. கப்பலுக்காக ஒருவர் எண்ணுவார், கரைக்காக இன்னொருவர் எண்ணுவார். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் லாரி நகரும். பரசுராமன் முப்பத்தொரு வருடம் கரைக்காரர். மூட்டைகள் போய்க் கண்டெய்னர்கள் வந்தபின் திருவொற்றியூரில் ஒரு யார்டு வாசலில் நின்று பெட்டி எண்களை எழுதினார். அங்கேயே ஓய்வு பெற்றார்.

வியாசர்பாடிக் குடியிருப்பில் இதெல்லாம் பலருக்குத் தெரியாது. அங்கே அவர் மனு எழுதுகிறவர். இளவயதில் தண்டையார்பேட்டையில் தமிழ்த் தட்டச்சு படித்து ஹையர் கிரேடு தேர்வில் தேறியிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இரண்டாம் மாடிக்கு ஆட்கள் ஏறி வருவார்கள். பெயர் மாற்றம், சாதிச் சான்றிதழ், பென்ஷன், எரியாத தெருவிளக்கு. அடித்து முடித்ததும் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு முழுவதையும் படித்துக் காட்டுவார். பிறகு பெயரையும் கதவு எண்ணையும் அவர் வாயாலேயே சொல்ல வைப்பார்.

"மனு உன்து. நான் ஒரு தபா எண்ணிட்டேன். நீ ஒரு தபா எண்ணு" என்பார்.

போனில் விவரம் சொன்னால் அடித்துத் தரமாட்டார். ஆள் எதிரில் இருக்கவேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை போனது. கால் ஓரளவு தேறியது, பேச்சு முழுதாகத் திரும்பியது, கை மட்டும் வரவில்லை. இடது கையால் எழுதிப் பழகினார். அந்த எழுத்தை அவர் ஒருவரால்தான் படிக்க முடிந்தது. பார்க்காமல் அடித்தே பழகியவர், ஒற்றைக் கையைப் பலகையின் வலப்பக்கம் கொண்டுபோனால் விரல் இடம் தவறியது. நாலு மாதம் மனு இல்லை. வருகிறவர்களிடம் பட்டம்மாள் வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவாள். உள்ளே அவர் மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

அவர்களுடைய ஒரே மகள் கார்குழலி, பெருங்குடியில் அறை எடுத்துத் தங்கி, ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். சர்வர்கள் எல்லாம் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸில் ஓடின. அப்பாவின் பழைய கம்ப்யூட்டரிலும் அதையே போட்டு வைத்திருந்தாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவருக்காக விசைப்பலகையை மாற்றினாள். இடது கட்டைவிரலால் ஸ்பேஸ் பட்டையை அழுத்திப் பிடித்தால், வலப்பக்கத்து எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடப்பக்கத்து விசைகளுக்கு வந்துவிடும். விட்டால் பழையபடி ஆகிவிடும். ஒரு கைக்கு முழுப் பலகையும் எட்டியது.

பரசுராமன் முதலில் அடித்த சொல் 'அனுப்புநர்'. ஏழு நிமிடம் ஆனது. மறுவாரம் ஒரு மனு முழுவதும் அடித்தார்.

அந்த மாற்றங்களை எங்கே எழுதிவைக்க வேண்டும் என்பது கார்குழலிக்குத் தெரியும். விசைப்பலகையை இயக்கும் மென்பொருளோடு வரும் அமைப்புக் கோப்பில் கை வைக்கக்கூடாது. தன்னுடையதைத் தனிக் கோப்பாகப் பக்கத்தில் வைக்கவேண்டும். மென்பொருளை எழுதுகிறவர்கள் உலகத்தில் எங்கேயோ இருக்கிறார்கள். அவர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். புதிது வரும்போது அவர்களுடைய கோப்பு நம்முடையதன் மேல் வந்து உட்கார்ந்துவிடும். அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் இந்தத் தப்பைச் செய்தால் அவள் சும்மா விடமாட்டாள். அப்பாவின் கம்ப்யூட்டரில் அவளே அதைச் செய்தாள். அன்று ஞாயிறு சாயங்காலம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வீட்டு மிஷின்தானே, அடுத்த முறை ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள்.

அடுத்த முறை என்று ஒன்று வந்தது. மென்பொருளின் புதுப் பதிப்பில் இரண்டு கட்டளைகளின் பெயர் மாறிப் பலகை நின்றுபோனது. வந்தாள், அந்த இரண்டு வரியை மட்டும் திருத்தினாள், போனாள். ஆறு மாதம் கழித்து மறுபடி நின்றது. மறுபடி வந்தாள்.

"அவன் மாத்திகினே கீறான், நீ பின்னாலயே ஓடிகினு கீற. ரொம்ப பேஜாருல்ல?" என்றார் பரசுராமன், சிரித்துக்கொண்டு.

"ஆமா நைனா. இதுக்குன்னு பெருங்குடிலேர்ந்து வரணும். ஒரு நாள் பூரா போவுது."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "டீ குடி" என்றார்.

மாதத்தில் முதல் சனிக்கிழமை அப்டேட் கொடுக்க வேண்டும் என்று அவள் ஓர் அட்டையில் கட்டளையை எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருந்தாள். பரசுராமன் ஒரு மாதமும் தவறியதில்லை. ஒருமுறை நடுவில் போன் செய்தார்.

"ஒய் அடிக்கவா, என் அடிக்கவான்னு கேக்குதும்மா."

அவள் மீட்டிங்கில் இருந்தாள். "எது கேட்டாலும் ஒய் அடி நைனா."

அட்டையின் அடியில் அதையும் எழுதிக்கொண்டார்.

போன ஆனி மாதம் அவர் அழைத்தபோதும் அவள் வேலையில்தான் இருந்தாள்.

"குழலி, வேலையா கீறியா?"

"சொல்லு நைனா."

"ஒண்ணுமில்ல. ஸ்பேஸ அமுக்கினா வெறும் எடம்தான் வுழுது. அந்தப் பக்கத்து எழுத்து வர்ல."

"ரீஸ்டார்ட் பண்ணு."

"பண்ணேன்."

"இன்னொரு தபா பண்ணிப் பாரு. ஞாயித்துக்கெழம வரேன்."

"சரிம்மா. அவசரம் ஒண்ணும் இல்ல."

அந்த ஞாயிறு அவள் போகவில்லை. அலுவலகத்தில் சர்வர் மாற்றும் வேலை இருந்தது. அடுத்த வியாழக்கிழமை மறுபடி அழைத்தார். பலகையைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிட்டாயா என்றார், மழை உண்டா என்றார். கேட்க வந்ததைக் கேட்காமல் வைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. புரியாததுபோல வைத்தாள்.

கீழ்த்தளத்தில் ராமசெல்வி இருந்தாள். கணவன் இறந்து ஒரு வருடம். குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள், வீடு யார் பெயருக்கு என்பதை அதற்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை கடைசித் தேதி. வீட்டில் பலகை வேலை செய்யவில்லை என்றதும், பரசுராமன் சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு தண்டையார்பேட்டையில் ஒரு டிடிபி கடைக்குக் கிளம்பினார். தான் எழுதியதைக் கடைக்காரன் படிக்க முடியாது, தானே உட்கார்ந்து சொல்ல வேண்டும். ராமசெல்வியும் பக்கத்தில் இருந்து சரிபார்க்க வேண்டும். பகல் பன்னிரண்டு மணி வெயில். பஸ்ஸிலிருந்து இறங்கி நாலடி நடந்ததும் விழுந்தார். ராமசெல்விதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவள்தான் போன் செய்தாள். கார்குழலி வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவில்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் போய்விட்டார்.

பட்டம்மாள் அழுததைவிடக் கத்தியதுதான் அதிகம்.

"வூட்ல மிஷின வெச்சிகினு இன்னாத்துக்கு வெயில்ல போணும்? அவதான் இழுத்துகினு போனா. அவ பேப்பருக்கு எம்புருசன் உசுரு!"

உடலை எடுத்துப் போகும்போதும் அதையே சொன்னாள். தண்ணீர் லாரி வரிசையிலும் சொன்னாள். நாலே நாளில் மூன்று மாடியும் அதைச் சொன்னது. ராமசெல்வி வரிசைக்கு எல்லோரும் போன பிறகு வரத் தொடங்கினாள். பதினாறாம் நாள் புத்த விகாரிலிருந்து பிக்கு வந்து பஞ்சசீலம் சொல்லிப் படத்தைத் திறந்துவைத்தபோது மொத்தக் குடியிருப்பும் மாடிப்படியில் நின்றது. ராமசெல்வி வரவில்லை.

கார்குழலிக்கும் அந்தக் கோபம் வசதியாக இருந்தது. அவள் எதுவும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

மறுநாள் மத்தியானம், அம்மாவின் குடும்ப பென்ஷனுக்கு விண்ணப்பம் அடிக்க அப்பாவின் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பழக்கத்தில் இரண்டு கையாலும் அடித்தாள். பாதியில் நிறுத்தி, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பேஸ் பட்டையை அழுத்தினாள். வெற்றிடம் ஓடியது.

பதிவுகளைப் பார்த்தாள். அப்டேட்டின்போது திரையில் வந்ததெல்லாம் அப்படியே இருந்தது. இந்தக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், புதிதாக வந்ததை வைக்கவா, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா என்று மிஷின் கேட்டிருந்தது. வெறுமனே என்டர் தட்டியிருந்தால் அவளுடையதையே வைத்துக்கொண்டிருக்கும். கேள்விக்குக் கீழே ஓர் எழுத்து. ஒய்.

அவளுடைய கோப்பு அழியவும் இல்லை. பெயரோடு 'பழையது' என்று ஒரு வால் ஒட்டி அதே இடத்தில் பத்திரமாகக் கிடந்தது. பெயரை மாற்றினால் போதும். போனில் சொல்லியிருந்தாலே அவர் செய்திருப்பார்.

கடைசியாக அவர் அடித்த கட்டளைகளைப் பார்த்தாள். ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட். பன்னிரண்டு நாளில் இருபத்துமூன்று முறை. கடைசி முறை அந்தச் சனிக்கிழமை, பதினொன்று பத்துக்கு.

விண்ணப்பத்தை அப்படியே விட்டு எழுந்தாள். அடுக்களையில் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அங்கே நின்று வாயைத் திறக்கப் பார்த்தாள், முடியவில்லை. படியிறங்கி ராமசெல்வியின் கதவைத் தட்டினாள்.

ராமசெல்வி உள்ளே வா என்று சொல்லவில்லை. நிலையைப் பிடித்தபடி கேட்டாள். கார்குழலி கோப்பு, அப்டேட் என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் எனுக்குப் புரியாது. இன்னாத்த சொல்ல வந்த, அத்த சொல்லு."

"பலகை நின்னுபோனது என் தப்பு. நைனா போன் பண்ணாரு, நான் வர்ல. ரெண்டு நிமிச வேல. வந்திருந்தா அவரு வெளிய போயிருக்கவே மாட்டாரு."

ராமசெல்வி நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"பதினேழு நாளா நான் கொடத்த தூக்கிகினு திருடி மாதிரி போய்ட்டு வரேன். எம்புள்ள ஸ்கூலுக்குப் போவும்போது பின்னாலயே பேசுறாளுங்க. அவரு தலய மடியில வெச்சிகினு ஆட்டோல போனவ நானு. நீ இப்ப வந்து எங்கதவாண்ட நின்னு சொல்ற."

"இன்னிக்குதான் எனக்கே தெரிஞ்சுது."

"மிஷின்ல இருக்கிறது இன்னிக்குத் தெரிஞ்சிது. வர்லன்றது?"



"அக்கா, அந்த மனு... நான் இப்பவே அடிச்சித் தரேன்."

"தேதி போய்ட்ச்சி. அந்தத் திங்கக்கெழமயே நானே கையால எழுதிக் குடுத்துட்டேன். வாங்கிகினாங்க." கதவைப் பாதி மூடினாள். "எங்கிட்ட சொன்னா ஆச்சா? எங்க என்ன பேசினாங்களோ அங்க சொல்லு."

மறுநாள் காலை ஆறரைக்குத் தண்ணீர் லாரி வரும் என்று எல்லோரும் குடங்களோடு நின்றார்கள். பட்டம்மாள் நடுவில் இருந்தாள். ராமசெல்வி அன்று நேரத்தோடு வந்து கடைசியில் நின்றாள். அவள் வந்ததும் பேச்சு அடங்கியது. கார்குழலி அம்மாவின் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நைனா போனதுக்கு ராமசெல்வியக்கா காரணம் இல்ல" என்றாள். குரல் எழவில்லை. மறுபடி சொன்னாள். பலகையைப் பற்றிச் சொன்னாள், ஒய் பற்றிச் சொன்னாள். வராமல் போன ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல நீண்டுகொண்டே போனது. முதல் மாடி ஹில்டாவுக்குப் பொறுமை இல்லை.

"இன்னாம்மா சுத்திச் சுத்திச் சொல்ற? பெத்த அப்பன் கூப்ட்டாரு, நீ வர்ல. அதான?"

"ஆமா."

கார்குழலி அம்மாவைப் பார்த்தாள். பட்டம்மாள் அவளைப் பார்க்கவில்லை. வரிசையிலிருந்து விலகி, குடங்களைத் தாண்டி, கடைசிக்கு நடந்தாள். ராமசெல்வி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"வுழுறதுக்கு முன்னால ஏதாச்சும் பேசினாராடி?"

பதினெட்டு நாளில் பட்டம்மாள் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதைத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான்.

ராமசெல்வி இடுப்புக் குடத்தை இறக்கினாள். "பஸ்ல ஜன்னலோரம் எடம் கெட்ச்சிது மாமாக்கு" என்று ஆரம்பித்தாள். "வழி பூரா பேசிகினேதான் வந்தாரு..."

லாரி வந்துவிட்டது. குழாயின் இரைச்சலில் மீதி கேட்கவில்லை. ராமசெல்வி கையை ஆட்டி ஏதோ சொல்கிறாள், பட்டம்மாள் தலையசைக்கிறாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். பக்கத்தில் போய் நிற்கக் கார்குழலிக்குக் கால் வரவில்லை. அவள் வரிசையிலேயே நின்று, அம்மாவின் முறை வந்ததும் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.