என் ரசமட்டமும் அவள் கோடும்

வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்தே இருபத்தோரு வருடம் ஓட்டியவன் நான். கடல்கூட என்னைக் கேட்டுத்தான் அலையடிக்கும் என்ற நினைப்பு. அந்த நினைப்போடுதான் சிம்பாங் அம்பாட்டிலிருந்து பாலம் தாண்டி, தீவில் இருக்கும் படகுப் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். ஜார்ஜ் டவுன் பணக்காரர் ஒருவர் தனக்கென்று சொல்லிச் செய்யும் உல்லாசப் படகு. எஞ்சின் ஏற்றி, வயர் இழுத்து முடித்துவிட்டார்கள். உள்ளே மரவேலைதான் பாக்கி. முதலில் சமையலறை, அது சரியாக வந்தால் நடு ஹாலும் எனக்கே என்று பேச்சு. அந்த ஹால் மேல் எனக்கு உயிர். கிடைத்தேவிட்டது என்று வீட்டில் சொல்லியும் வைத்திருந்தேன்.

மேற்பார்வைக்கு இருந்தவள் என் மூத்த மகள் வயதுப் பெண். படகின் உட்சுவர் முழுக்கப் பென்சிலால் ஒரே கோடு இழுத்து வைத்திருந்தாள். நான் ரசமட்டத்தை வெளியே எடுத்ததுமே ஓடி வந்தாள்.

“அண்ணே, அத வெச்சிப் பாக்காதீங்க. மழைத்தண்ணி பின்னால ஓடட்டும்னு படகு மூக்க கொஞ்சம் தூக்கி நிறுத்தியிருக்கோம். தண்ணியில எறங்கினா இந்தக் கோடுதான் மட்டம், கோட்டுலேர்ந்து அளங்க.”

“நான் மாட்டுன கதவு எதுவும் இதுவரைக்கும் சாஞ்சதில்ல லா, தங்கச்சி,” என்றேன். வீடு மிதக்காது என்பது அப்போது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நின்றது. அலமாரியைச் சுவரோடு சேர்த்து முடுக்கி, போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். ‘நம்ம வீட்டுக் கதவு எப்ப?’ என்று பதில் வந்தது. கலை தெரியாதவள்.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று, படகுக்குச் சொந்தக்காரரான முதலாளி சாமி கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். கையிலிருந்த ஆரஞ்சு ஒன்றை என் அலமாரியின் மேல்பலகையில் வைத்தார். தூக்கியிருந்த மூக்கு இறங்கி, படகு நேராகிவிட்டது. என் அலமாரி மட்டும் முன்னால் சாய்ந்து நின்றது. ஆரஞ்சு உருண்டு தரையில் விழுந்தது. எடுத்து வைத்தார். மறுபடியும் விழுந்தது. இழுப்பறைகள் யாரும் தொடாமலே வெளியே வந்து அவரை வரவேற்றன. மரியாதை தெரிந்த இழுப்பறைகள்.

யார் தப்பு என்று மலாயில் கேட்டார். ஊருக்கெல்லாம் பதில் வைத்திருக்கும் நான் ஆரஞ்சைப் பொறுக்கக் குனிந்துகொண்டேன். தன் பொறுப்புதான், தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று அவள் சொன்னாள். எல்லார் முன்னாலும் அவளை ஏசித் தீர்த்தார். பிறகு என் தோளைத் தட்டி, மரவேலை அருமை, சாய்வைச் சரிசெய்துவிட்டு ஹாலையும் நீயே செய் என்றார். நான் நன்றி வேறு சொன்னேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் கேவலம்.

முதலாளி கரையில் விருந்துக்கு உட்கார்ந்ததும் அலமாரியைக் கழற்றினேன். நான் கண்ணெடுத்துப் பார்க்காமலே மூடிய சுவரில் அவள் கோடு இருந்தது. அதற்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்தாள்: ‘அண்ணே, இங்கேருந்து அளங்க. ஹால் உங்களுக்குத்தான் கிடைக்கணும்.’

அப்படியே கரைக்குப் போனேன். அந்தப் பெண் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

நடு ஹாலை இப்போது வேறொருவர் செய்கிறார். கோட்டிலிருந்துதான் அளக்கிறார். நான் போய்ப் பார்த்தேன்.