இரும்புக் கைக்கு ஒரு ஸலாம்

இந்த வயதில் எழுதக் கற்றவன், எழுத்துக்கூட்டித்தான் போனில் தட்டுகிறேன்.

இன்று பேத்தி ரிஹானாவின் ப்ராஜெக்ட்டுக்குக் கல்லூரியில் பரீட்சை; நானும் கூடப் போயிருந்தேன். ஒரு கம்ப்யூட்டர், கையில் எவ்வளவு அழுத்தம் படுகிறது என்று கணக்குப் போடும். இன்னொன்று அந்தக் கணக்குப்படி இரும்புக் கையை ஓட்டும். இரண்டையும் இணைத்திருக்கிறாள்.

பரீட்சை வைக்க வந்த சார் நம்பவில்லை. "இந்தக் கை ஏற்கெனவே பதிஞ்சு வெச்சபடி ஆடுது. அந்தக் கணக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

ரிஹானாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது அந்தக் கை என் பக்கம் நீண்டது. ஆம்பூரில் யார் கை நீட்டினாலும் செய்வதைத்தான் செய்தேன். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நானா! உடுங்க, உடுங்க!" என்று கத்தினாள் ரிஹானா. எங்கள் வீட்டில் தாத்தாவை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இரும்புக் கை சட்டென்று நின்றது. கணக்குப் போடும் திரையில் கோடு எகிறியது. உடனே கை என் பிடியிலிருந்து மெல்லப் பின்வாங்கியது. உயிருள்ள மனுஷன் மாதிரி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சார் திரைக்குக் கிட்டே போனார். "பெரியவரே, இன்னொரு தடவை ஸலாம் சொல்லுங்க."

அதேபோல் கையைப் பிடித்துச் சொன்னேன். கோடு மறுபடி எகிறியது, கையும் பின்வாங்கியது.

"கணக்கு சொன்னபடிதான் கை ஆடுது. பாஸும்மா" என்றார்.

எல்லாம் சரி, ஸலாம் சொன்னால் இப்படியா பின்வாங்கும்? கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.