தம்பியின் ரத்தத்தைப் பார்த்தவர்

என் கணவன் விலிசோனியின் அக்கா லெசியேலி, வவாவு தீவில் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருஷம் ரத்தம் பார்க்கிற வேலையில் இருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் ஊசி குத்தாத கை இந்தப் பக்கம் குறைவு. சந்தையில் யாராவது எதிரே வந்தால் முதலில் முழங்கை மடிப்பைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தை. "உங்களுக்கு நல்ல நரம்பு, தேடவே வேண்டாம்" என்று பாதிரியாரையே ஒருமுறை நடுத்தெருவில் வைத்து மெச்சினார்.

அண்ணிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒருவர் கேட்டு வந்தார், ஆக்லாந்துக்குப் போனார், திரும்பவில்லை. யாராவது அதைக் கிளறினால், "அவன் ரத்தம் என்ன வகைன்னு எனக்குத் தெரியும். மனசு என்ன வகைன்னுதான் தெரியாமப் போச்சு" என்று சொல்லி அண்ணியே முதலில் சிரித்துவிடுவார்.

விலிசோனியும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அதனால் எங்களுக்குள் வாடா போடாதான். ஆனால் அக்கா பேரைச் சொன்னால் அவன் முதுகு நிமிர்ந்துவிடும். எங்கள் ஜனங்களில் அப்படித்தான். வயதுக்கு வந்தபின் அக்காவும் தம்பியும் ஒரு கூரையின்கீழ் படுப்பதில்லை, ஒருவரை ஒருவர் தொடுவதில்லை, ஒருவர் காதுபட இன்னொருவர் உடம்பைப் பற்றிப் பேச்சு எடுப்பதில்லை. அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தால் விலிசோனி பின்வாசல் வழியாக வெளியே போய் மாமரத்தடியில் நிற்பான். அவனுக்குச் சொல்ல வேண்டியதை அண்ணி என்னிடம் சொல்வார். நான் ஜன்னல் வழியாகச் சொல்வேன். இருபது அடிதான் இடைவெளி. இரண்டு பேர் காதிலும் எல்லாம் விழும். ஆனாலும் நான் திருப்பிச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு.

அது பாசமில்லாததால் அல்ல. மரியாதை அவ்வளவு. கோயில் பாட்டுக்குழுவில் விலிசோனிக்குக் கீழ்க்குரல். தரையிலிருந்து எழும்பி வருகிற மாதிரி இருக்கும். அவன் பாடும் நாட்களில் அண்ணி கடைசி பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நியூசிலாந்துத் தோட்டங்களில் ஆப்பிள் பறிக்கிற வேலைக்கு ஆள் எடுத்தார்கள். போகிறவர்களுக்கு உடம்புப் பரிசோதனை உண்டு. விலிசோனிக்கு அப்போது நாற்பத்துநாலு வயது. ஒரு மூட்டை கிழங்கை ஒரே மூச்சில் தோளில் ஏற்றுகிறவன். அண்ணி லீவில் இருந்த ஒரு திங்கட்கிழமையாகப் பார்த்துப் போய், வேறொரு நர்ஸிடம் ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு வந்தான்.

புதன்கிழமை மதியம் நான் கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். அண்ணி ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றார். அந்தக் கோட்டோடு அவர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை.

"அவன் இருக்கானா?"

"தோட்டத்துக்குப் போயிருக்கான் அண்ணி. ஏன், என்ன ஆச்சு?"

"ஃபூசி, நான் இப்ப சொல்றது என் வேலைக்கே உலை வைக்கிற விஷயம். ஒருத்தர் ரத்தத்தைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட பேச மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். இருபத்தாறு வருஷத்துல பேசினதில்ல."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"ரத்தத்தை மெஷின்ல சுத்தவிட்டா செவப்பு அடியில நிக்கும், மேல இளமஞ்சளா தெளியும். இன்னைக்கு ஒரு குப்பியில மேல வெள்ளையா நின்னுச்சு. தேங்காப்பால் மாதிரி. யாருடா இதுன்னு திருப்பிப் பேரைப் பாத்தேன்."

"சாப்பிட்டுட்டுப் போயிருப்பான் அண்ணி. அவனைத்தான் தெரியுமே."

"வெறும் வயித்துல எடுத்ததுன்னு எழுதியிருக்கு. கொழுப்பு கிடக்கட்டும். கிரியாட்டினின் இருக்க வேண்டியதுக்கு ரெண்டு மடங்கு இருக்கு. கிட்னி பாதிக்கு மேல போயிருச்சு. இன்னொரு பரிசோதனையும் பண்ணோம், அதை நான் வாயால சொல்ல மாட்டேன், அவன் என் தம்பி. அதுவும் நல்லா இல்ல."

கிட்னி என்ற சொல்லுக்குப் பிறகு எனக்குக் காது அடைத்துக்கொண்டது. என் அப்பா அதில்தான் போனார். அப்போதெல்லாம் எங்கள் நாட்டில் எங்கேயும் ரத்தம் சுத்தம் செய்கிற மெஷின் கிடையாது. முகம் வீங்கி, மூச்சு வாங்கி, ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் பக்கத்தில் இருந்தவள் நான்.

அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கினார். "கேளு, முக்கியமானதே இனிமேதான். எல்லாரும் கிட்னிக்குத்தான் பயப்படுவாங்க. இந்த மாதிரி ரத்தம் இருக்கிறவங்களுக்குக் கிட்னி நிக்கிறதுக்கு முன்னாடி நெஞ்சு நின்னுடும். மாத்திரை இருக்கு. சீக்கிரம் ஆரம்பிச்சா ரெண்டையும் காப்பாத்தலாம். டாக்டர் அவனுக்குச் சீட்டு அனுப்பப் போறார். நீ இழுத்துட்டு வா."

"நீங்களே ஒரு வார்த்தை சொன்னா அவன் தட்ட மாட்டானே அண்ணி."

"அவன் உடம்பைப் பத்தி நான் அவன்கிட்டப் பேசுறதா? எங்கம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துருவா." கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். "நீ சொல்லு. நான் சொன்ன மாதிரியே சொல்லு. எதையும் குறைக்காத."

அன்று சாயங்காலம் விலிசோனி குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். சேம்பு இலையில் ஆட்டு விலாக்கறியும் தேங்காய்ப்பாலும் வைத்துக் கட்டி வேகவைத்த லூ. இலையைப் பிரித்ததும் நெய் மாதிரிக் கொழுப்பு வழிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி வந்திருந்தாங்க. உன் ரத்தத்துல கொஞ்சம் கொழுப்பு இருக்காம்."

"இந்தத் தீவுல கொசுவுக்கே கொழுப்பு இருக்குடி."

"விளையாடாத. டாக்டர் வரச் சொல்றாராம். மாத்திரை குடுப்பாராம்."

"போனா என்ன சொல்வார்? லூ சாப்பிடாத, தூக்காத, ஆப்பிள் பறிக்கப் போகாதம்பார். அப்புறம் நான் எதுக்கு?" நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அக்கா வேற ஏதாவது சொன்னாங்களா?"

அந்த ஒரு நொடி எனக்கு இன்னும் மறக்கவில்லை. வாயைத் திறந்தேன். அப்பாவின் வீங்கிய முகம்தான் வந்தது.

"அவ்வளவுதான் சொன்னாங்க. பயப்பட ஒண்ணுமில்லன்னாங்க."

மூன்று சீட்டு வந்தது. வருஷாந்தர சபைக்கூட்டம் முடியட்டும் என்றான். கிழங்கு நட்டு முடியட்டும் என்றான். ஆப்பிள் வேலைக்குக் கூப்பிடவில்லை. பட்டியல் நிரம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அண்ணி ஒவ்வொரு வாரமும் கோயில் வாசலில் என்னை ஓரமாக இழுத்து, "சொன்னியா?" என்பார். "சொல்லிட்டேன் அண்ணி." "மாத்திரை போடுறானா?" "போடுறான். நீங்க இருக்கிற இடம்னு கூச்சப்பட்டு வெளி டாக்டர்கிட்ட வாங்கிக்கிறான்." முதல் பொய்தான் கஷ்டமாக இருந்தது. அப்புறம் அது பழகிவிட்டது. இன்றைக்கு மாற்றிச் சொல்லலாம், நாளைக்கு மாற்றிச் சொல்லலாம் என்று எட்டு மாதம் ஓடியது. நடுவில் அண்ணியின் முகம் தெளிந்துகூடப் போயிருந்தது. தம்பி மாத்திரை சாப்பிடுகிறான் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

மே மாதம் முதல் ஞாயிறு, குழந்தைகள் வசனம் சொல்கிற நாள். கோயில் முடிந்து பெரிய விருந்து. விலிசோனிதான் பன்றி சுட்டான். அவன் குறைவாகச் சாப்பிட்டதைக் கவனித்தேன். "நெஞ்சுல வாயு புடிச்ச மாதிரி இருக்கு" என்று பெஞ்சில் போய் உட்கார்ந்தான். திரும்பிப் பார்த்தபோது சட்டை முழுக்க வேர்வை. முகம் சாம்பல். எங்கள் மகன் மொசேசேயும் இன்னும் மூன்று பேரும் தூக்கி, பாதிரியாரின் வண்டியில் போட்டு ஓட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு ஊசி போட்டார், மூக்கில் குழாய் வைத்தார். பணியில் இருந்த சின்ன நர்ஸுக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் குத்திப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போது அண்ணி வந்தார். கோயிலுக்குப் போன அதே வெள்ளை உடுப்பு, எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் சுற்றுகிற பாயைக்கூட அவிழ்க்காமல். வந்தவர் அறை வாசலில் நின்றுவிட்டார். கால் உள்ளே வரவில்லை.

"லெசியேலி, வேற ஆள் இல்ல. உள்ள வாங்க" என்றார் டாக்டர்.

அண்ணி வந்தார். தம்பியின் கையை எடுத்தார். சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்துக்குப் பிறகு அவர் அந்தக் கையைத் தொட்டது அப்போதுதான். விலிசோனி அந்த நிலையிலும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க" என்றான் சுவரைப் பார்த்து.

"பேசாத. கையை மடக்காம வை."

ஒரே குத்தில் ரத்தம் வந்தது. குப்பி நிறைகிற நேரத்தில், வழக்கத்தையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, அண்ணி நேராக அவனிடமே கேட்டார். "இன்னைக்குக் காலையில மாத்திரை போட்டியாடா?"

"என்ன மாத்திரை?" என்றான் விலிசோனி.

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். ஒரு கூட்டலில் எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடித்தவர் பார்வை. குப்பியை எடுத்துக்கொண்டு பரிசோதனை அறைக்கு ஓடினார். முடிவு எழுதிய தாளோடு அவர் திரும்பி வந்தபோது டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அடக்கத்தின்போது அண்ணி அவன் தலைமாட்டில் உட்கார்ந்தார். அது அக்காவின் இடம். பாட்டுக்குழு நான்கு நாளும் பாடியது. கீழ்க்குரலுக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, பத்தாம் நாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணியின் காலடியில் போய் உட்கார்ந்தேன். "நான் சொல்லல அண்ணி. பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னேன். எட்டு மாசமா உங்ககிட்டயும் பொய் சொன்னேன். திட்டுங்க. அடிங்க."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கையிலிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுக் குழாயை மூடினார்.

"நீ பயத்துல சொல்லல. நான் மரியாதைன்னு சொல்லல. நான் வந்தப்பல்லாம் இருபதடி தள்ளி மாமரத்தடியிலதான் நின்னான் ஃபூசி. நான் கொஞ்சம் குரலை உசத்தியிருந்தா போதும்." அதற்கு மேல் முடியாமல், ஈரக்கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். என்னை மன்னித்தேன் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். தம்பி உயிரோடிருந்த வரை அந்தக் கூரையின்கீழ் அவர் ஒரு இரவு படுத்ததில்லை.

வந்த மறுநாளே மொசேசேயைப் பிடித்து உட்காரவைத்தார். அவன் ரக்பி ஆடுகிறவன், தூண் மாதிரி இருப்பான். "எனக்கென்ன அத்தை, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று நெளிந்தான். எங்களிடத்தில் அப்பாவின் அக்காவுக்கு மேல் ஒருவர் இல்லை; அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. கையை நீட்டினான். கிட்னி நன்றாக இருந்தது. கொழுப்பு அப்பாவுடையதில் பாதி இருந்தது, இருபது வயதிலேயே. முடிவை அண்ணி என்னிடம் சொல்லி அனுப்பவில்லை. அவனை எதிரே உட்காரவைத்து, முகத்துக்கு நேராக, என் கண்முன்னால், ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்.

அண்ணி வேலையிலிருந்து நின்று மூன்று வருஷமாகிறது. மொசேசே தினமும் மாத்திரை சாப்பிடுகிறான். சில காலைகளில் அண்ணி அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் விழுங்குவதைப் பார்ப்பார். அவனுக்குத் தொண்டை அவன் அப்பாவுடைய தொண்டை மாதிரி, விழுங்கும்போது ஏறி இறங்கும். அதைப் பார்த்ததும் அண்ணி எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். நான் பின்னால் போவதில்லை.